வால் குறைந்த பாரை

அவருடைய பட்டறைக்குள் போன மீன் எதுவும் போன அளவிலேயே திரும்பி வந்ததில்லை. அதனால் ஊரில் அவருக்கு உரக்கடைக்காரர் என்று பெயர். அவர் விற்றது உரம் இல்லை. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு, அவர்கள் பிடித்த மீனை ஃபைபரில் செய்து கொடுத்தார். மீனைக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரு போட்டோவும், இவ்வளவு நீளம் என்ற ஒரு வார்த்தையும் போதும். "பிடிச்சேன், படம் எடுத்தேன், மறுபடி தண்ணியிலயே விட்டுட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுப் போனால், சுவரில் மாட்டுகிற மாதிரி மீன் தயாராகிவிடும்.

இளவயதில் படகுக் கொட்டகையில் வேலை பார்த்தார். ஓட்டை விழுந்த படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. ஒரு படகுச் சொந்தக்காரர், மிச்சமிருந்த பிசினில் தன் மீனைச் செய்து தரச் சொன்னார். விளையாட்டாகச் செய்து கொடுத்ததும் அவர் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா சின்னதா இருக்கே" என்று முகத்தைச் சுளித்தார். அன்றைக்கே தொழிலின் அடிப்படை முழுவதும் இவருக்குப் பிடிபட்டுவிட்டது. அச்சு எடுப்பது, செதில் வரைவது, கண்ணாடிக் கண் பதிப்பது எல்லாம் அதற்கப்புறம் கைப்பழக்கத்தில் வந்தவை.

ஆர்டர்கள் இரண்டு பக்கமிருந்து வந்தன. ஒன்று உள்ளூர், குளித்துவிட்டு வந்தால்கூட உடம்பு சிலிர்க்காத வெதுவெதுப்பான கடல். இன்னொன்று வெகுதொலைவில், பனி விழுகிற ஒரு கரையோர ஊர். அங்கிருந்த தூண்டில் கடை தன் வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைச் சத்தமில்லாமல் இவருக்குத் தள்ளிவிடும். இவர் செய்து அனுப்பியதும், அடியில் தன் கடைப் பெயரை ஒட்டி, தானே செய்ததுபோல் விற்றுக்கொள்ளும். இவருக்கு அதில் வருத்தமில்லை. புளுகில் பங்கு வாங்காதவர் இந்தத் தொழிலில் யாரும் இல்லை.

இரண்டு கடற்கரைப் புளுகையும் இத்தனை வருடம் கேட்டதில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. வெப்பக் கடல்காரன் நிறத்தில் பொய் சொல்வான், குளிர்க் கடல்காரன் நீளத்தில் பொய் சொல்வான். இதில் ஆளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, தண்ணீர் அப்படி. இங்கே தூண்டிலைப் போட்டுவிட்டு ஒரு கொட்டாவி விடுவதற்குள் ஏதாவது ஒன்று கடித்துவிடும். கோடு போட்டது, புள்ளி வைத்தது, மஞ்சள், ஊதா என்று வகைக்குப் பஞ்சமில்லை. மீன் கிடைத்தது என்பது இங்கே ஒரு செய்தியே அல்ல. அதனால் நிறத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதுவும் தண்ணீரை விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடுவதால் சாட்சி சொல்ல ஆளிருக்காது. "நேர்ல பாத்திருக்கணும் நீங்க, அப்படி ஒரு நீலம்" என்பார்கள். இவரும் எந்தக் கடலிலும் இல்லாத நீலத்தைக் குழைத்துப் பூசிக் கொடுப்பார்.

குளிர்க் கடலில் வகை கொஞ்சம். வருவதெல்லாம் பழுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். இங்கே உச்சி வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் கடலுக்குப் போகிறவன், அங்கே போனால் உச்சி வெயிலுக்காகவே காத்துக் கிடக்க வேண்டும். கையுறைக்குள் விரல் மரத்துப்போய், மூக்கு ஒழுகி, நாளெல்லாம் நின்றால் ஒரு கடி. இங்கே மாதிரி கம்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பாறையிடுக்குக்கு ஓடுகிற கடியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்க வந்து தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவது போல ஒரு கடி. அவ்வளவு பாடுபட்டவன் வந்த மீனை வந்தபடியே சொல்லிவிட்டுப் போக அவனுக்கு என்ன தலையெழுத்து? இரண்டு விரல் கூட்டிச் சொல்வான். சுவர் பெரியதாக இருந்தால் ஒரு சாண்.

இப்படி ஊர்ப் பொய்யையெல்லாம் செதில் செதிலாக வரைந்து கொடுத்த மனிதருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு நிஜமான பெரிய மீன் கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் தூண்டிலோடு அலைத் தடுப்புச் சுவருக்குப் போவார். ஒரு விடியற்காலையில், கூட யாரும் இல்லாதபோது, ஒரு பாரை மாட்டியது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தது. கடைசியில் கல்லிடுக்கில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை அணைத்துப் பிடித்தார். வாலின் மேல்பாதி இல்லை. எப்போதோ வேறொரு பெரிய மீன் கடித்துக்கொண்டு போன இடம் ஆறித் தழும்பாகியிருந்தது. போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. தூண்டில் கம்போடு மீனைச் சேர்த்து வைத்து, வாயைக் கம்பின் அடியில் வைத்து, வால் முடிகிற இடத்தில் கம்பில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். பிறகு, வாடிக்கையாளர்கள் எல்லாரும் பெருமையோடு சொல்கிறார்களே, அது எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று, அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அது ஒரு நிமிடம் அவர் காலடியிலேயே நின்றுவிட்டுப் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் ஈர உடையோடு வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

வந்து சொன்னார். ஊர் சிரித்தது. யார் சொல்லியிருந்தாலும் பாதியாவது நம்பியிருப்பார்கள். உரக்கடைக்காரரே சொன்னால் யார் நம்புவது? கம்பில் இருந்த கீறலைக் காட்டினார். "கத்தி உங்க கிட்டதானே இருக்கு" என்றார்கள். கீறலின் அளவுக்கு இம்மியும் கூட்டாமல் குறைக்காமல், வாலின் கடிபட்ட பாதி உட்பட, அந்தப் பாரையைச் செய்து கூடத்தில் மாட்டினார். ஒரு மீட்டரும் நான்கு விரலும். வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டு, வேலைப்பாடு பிரமாதம் என்றார்கள். அதைவிட ஒரு மனிதனை எப்படி அவமானப்படுத்த முடியும் என்று தெரியவில்லை.

ஊரை விடுங்கள். அவருக்குப் பொறுக்காதது வீட்டுக்காரியின் மௌனம். அவள் கடைத்தெருவில் ஒரு சின்ன அறையில், வாங்கிய உடுப்புகளை ஆளுக்குத் தகுந்தபடி குறைத்தும் நீட்டியும் தைத்துக் கொடுக்கிறவள். மீனை மாட்டிய அன்றைக்கு ஊசியை உதட்டில் கவ்வியபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான். நம்புகிறாயா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவளுடைய அண்ணன், அதாவது நம்மவரின் மச்சான், அந்தப் பனி ஊரில்தான் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலையாக இருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் குளிர்க் கடல் பெருமைதான் பேச்சு.

"இங்க மீன் பிடிக்கறதுல என்ன மாப்பிள்ளை இருக்கு? பனியனோட நின்னு நூலை விட்டா தானா வந்து விழுது. அங்க அப்படி இல்ல. அது தவம்" என்பார்.

பாரையைப் பார்த்தபோது மட்டும் அவர் தவத்தைப் பற்றிப் பேசவில்லை. தங்கையின் தையல் டேப்பை எடுத்து, சும்மா பார்க்கிறேன் என்று சொல்லி, அளந்து பார்த்தார். "வாலையாவது முழுசா பண்ணியிருக்கலாம் மாப்பிள்ளை. சேதப்பட்ட சரக்கு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

சில மாதம் கழித்துப் பனி ஊர்க் கடையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. காட் மீன், தாடையின் கீழே ஒற்றை மீசை தொங்குகிற, அந்தப் பக்கத்துப் பழுப்பு மீன். படத்தில் பிடித்திருந்தவரின் முகம் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. ஆனால் கை இருந்தது. இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. அந்த விரலைச் சின்ன வயதில் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது வேறு யாருமில்லை, இவருடைய வீட்டுக்காரிதான். மச்சான் அந்தக் கதையைச் சொல்லாத விருந்து கிடையாது. கையை வைத்துக் கணக்குப் போட்டால் மீன் ஒரு முழமும் ஒரு சாணும் இருக்கும். கேட்டிருந்த நீளமோ ஒரு மீட்டரும் பத்து விரலும். பாரையைவிடச் சரியாக ஆறு விரல் அதிகம்.

உரக்கடைக்காரருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மீசையை மறந்துவிட்ட மாதிரி விட்டுவிடலாமா, ஒரு கண்ணைக் கொஞ்சம் மாறுகண்ணாக வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தார். படத்தைப் பலகையில் குத்தி வைத்து வேலையைத் தொடங்கியதும் கை கேட்கவில்லை. பழுப்புக்குள் பச்சை, பச்சைக்குள் பொன் என்று அடுக்கடுக்காகப் பூசினார். அவர் செய்ததிலேயே அதுதான் சிறந்த மீன். பெட்டியில் வைத்து ஆணி அடிக்கும்போது அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அந்தப் பெட்டி அடுத்த விடுமுறையில் மச்சானோடு திரும்பி வந்தது.

"அங்க சுவரெல்லாம் ஈரம். உன் அண்ணியும் தூசி அடையும்னு சொல்றா. இது இங்கதான் இருக்கணும்" என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நல்ல சுவர். அதில் பாரை இருந்தது. மச்சானே ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

பனிக்காற்று, மரத்துப்போன விரல், மெல்ல ஒரு தட்டு, ஒரு மணி நேரப் போராட்டம் என்று மச்சான் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். யாரும் கத்தி உங்களிடம்தானே இருந்தது என்று கேட்கவில்லை. தொலைவில் பிடித்த மீனுக்கு மரியாதை அதிகம்.

"வேலைப்பாட்டைப் பாருங்க. அந்த ஊர்க் கைன்னா கைதான். மாப்பிள்ளை, நீங்க பாத்துக் கத்துக்கணும்" என்றார் மச்சான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார் உரக்கடைக்காரர். நாக்கின் நுனி வரை வந்தது. இதைச் செய்தவன் நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அடுத்த கேள்வி, நிஜ மீன் எவ்வளவு என்பது. அதற்கடுத்த கேள்வி, அப்படியானால் உங்கள் பாரை எவ்வளவு கூட்டியது என்பது. மச்சானின் மீனைக் கொல்வதற்குத் தன் மீனையும் சேர்த்துக் கொல்ல வேண்டும். மென்று விழுங்கிவிட்டு எல்லாருக்கும் காபி எடுத்துவரப் போனார். அடுக்களையில் வீட்டுக்காரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

மச்சான் ஊருக்குப் போன மறுநாள் பகலில், பாரையைப் பட்டறை மூலையில் போட்டுவிடலாம் என்று துணி சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி அண்ணனின் மீனுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கீழ்மடிப்பைப் பிரிச்சு நீளமாக்கின பேன்ட் மாதிரி இருக்கு. தலை ஒரு அளவு, உடம்பு ஒரு அளவு" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பாடு கொண்டுவந்தப்ப படம் பலகையில குத்தியிருந்துச்சு. அந்த விரலை நசுக்கினவளுக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அத்தனை பேர் முன்னாடி அண்ணன் முகம் என்னத்துக்கு ஆகும்? நீங்களும்தான் சொல்லல. அது எனக்குப் பெருசா இருந்துச்சு."

அவர் துணியை முடிச்சுப் போடுவது போல் குனிந்துகொண்டார். "அப்ப இது?" என்று பாரையைத் தொட்டார். "இதை நம்பறியா?"

"பொய் சொல்றவர் வாலை முழுசா பண்ணியிருக்க மாட்டாரா?" என்றாள் அவள். "முழுசா இருக்கறதைக் குறைச்சுக் காட்டற ஆளை இந்தத் தொழில்ல யாராவது பாத்திருக்காங்களா?"

"இதை எப்ப கண்டுபிடிச்ச?"

"நீங்க மாட்டின அன்னைக்கே."

"இத்தனை நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஊர்ல ஒருத்தர் விடாமக் கேட்டீங்க. என்னைக் கேக்கலையே."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீனை விட்டுவிட்டு ஈர உடையோடு வீடு வரைக்கும் பாடிக்கொண்டு வந்த அதே பாட்டுதான் வாயில் வந்தது. அந்தப் பாரையைக் கூடத்தில் மறுபடி மாட்ட அவள் விடவில்லை. அண்ணன் அடுத்த முறை வந்தால் தன் மீனைத் தேடுவார் என்றாள். துணியைப் பிரித்து, பாரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து, அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அவர் கடைத்தெருவுக்குப் போனார். தையல் மெஷினுக்கு மேலே பாரை தொங்கியது. பேன்ட்டைக் குறைக்கக் கொண்டுவந்த ஒரு மனிதர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் பிடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"யாரு, அந்த உரக்கடைக்காரரா?" அந்த ஆள் சிரித்தார். "அப்ப நிஜத்துல எவ்வளவு இருந்திருக்கும்?"

அவள் மெஷினை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"வாலைப் பாருங்க" என்றாள்.

அந்த ஆள் வாலைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. வாசலில் கண்ணாடியோடு நின்ற உரக்கடைக்காரர் உள்ளே போகாமல், அந்த ஆள் பார்த்து முடிக்கும் வரை காத்துக்கொண்டு நின்றார்.