எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் தறி ஓடாத வீடு என்னுடையது ஒன்றுதான். இணையத்தில் ஓடும் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டு, கண்ணை மூடி, விஷயம் தெரிந்தவன்போலத் தலையாட்டுவது என் பொழுதுபோக்கு. ஆனால் பாட்டு சற்று ஓயும் இடத்திலெல்லாம் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று முனகியது.

மின்சாரத்தில் கலந்துவரும் இரைச்சல் என்று எங்கோ படித்தேன். உடனே பழியைத் தெருவின் தறி மோட்டார்கள்மேல் போட்டேன். எலக்ட்ரீசியன், “தனியா ஒரு எர்த் போட்டுப் பாக்கலாமுங்க” என்றார். காம்பவுண்டுச் சுவரோரம் ஆழக் குழி தோண்டி, கம்பியை இறக்கி, கரியும் ஒரு மூட்டை உப்பும் கொட்டி மூடினோம். மண் காயக்கூடாது, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவருக்கு அந்தப்பக்கம், இரண்டடி தள்ளி, பக்கத்து வீட்டு அக்காவின் கறிவேப்பிலை மரம். தெருவே அதில்தான் தாளித்தது. நான் குடத்தோடு நிற்பதைப் பார்த்த அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“எம்மரத்துக்குத் தண்ணி ஊத்தறீங்களா சாமி? இந்தக் காலத்துல ஆரு செய்வா.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

முனகல் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, இணையப் பெட்டிக்கு நான் போட்டிருந்த மலிவு அடாப்டரை மாற்றினேன். சுத்தமாக நின்றுவிட்டது. தறிகள் குற்றவாளிகள் இல்லை, குழியும் தேவையில்லை. ஆனாலும் நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்கியபின் குடத்தைக் கீழே வைப்பது லேசான காரியமா?

சில மாதங்களில் மரம் மஞ்சளாகி, இலை கொட்டி, குச்சியாக நின்றது. அக்கா தெருக்கோடிச் சாயப்பட்டறைக்காரரிடம் போய், “உங்க சாயத்தண்ணிதான் எம்மரத்தைக் கொன்னுபோட்டுது” என்று சத்தம் போட்டார். நான் வீட்டுக்குள் பாட்டைக் கூட்டி வைத்தேன். பாட்டு துல்லியமாகக் கேட்டது. அக்கா திட்டுவதும்தான்.

மறுநாள் காலை பட்டறைக்காரர் கையில் ஒரு கறிவேப்பிலை நாற்றோடு அக்கா வீட்டுக்கு வந்தார்.

“என் பட்டறைத் தண்ணி மண்ணுக்கடியில எங்கெங்க போகுதுன்னு எனக்கே தெரியலீங்க. தப்பு எம்மேலதான் இருக்குமுங்க.”

அக்கா சுவருக்கு மேலாக என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க சாமி, தெனமும் தண்ணி ஊத்துன மனுசன்” என்றார்.

அதற்குமேல் தாங்கவில்லை. உப்பு மூட்டையைச் சொன்னேன். அடாப்டரையும் சொன்னேன்.

“பாட்டுக் கேக்கறதுக்கா உப்புப் போட்டீங்க?” பட்டறைக்காரர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். அக்கா சிரிக்கவில்லை.

“குழியால புண்ணியமில்லைன்னு தெரிஞ்சுபோச்சில்ல. பொறவு எதுக்கு ஊத்துனீங்க?”

“நீங்க என்னைய நல்லவன்னு நெனச்சீங்கக்கா. நல்லா இருந்துச்சுங்க.”

அக்கா பட்டறைக்காரரிடம், “நேத்துப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்கண்ணா” என்றார். என்னிடம் கடப்பாரையை நீட்டினார். “உப்பு மண்ணு பூராவும் வெளிய வரோணும்.”

சாயங்காலம்வரை தோண்டினேன். நான் அள்ளிக்கொடுத்த மண்ணைக் கூடையில் வாங்கிக் கொட்டியவர் பட்டறைக்காரர்தான். அக்கா தறிக்குப் போனவர், அன்று முழுக்க எட்டிக்கூடப் பார்க்கவில்லை.