ஆவாரம்பட்டை மைதானம்

ஆகாது என்று யாராவது சொன்னால் கலீலுல்லா அன்றைக்கே அந்த வேலையைத் தொடங்கிவிடுவான். தாராவியில் கால்பந்தாட இடமில்லை என்றார்கள். கழிமுகத்தோரச் சேற்று நிலத்தை அவன் பிடித்தான். அவன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறவைத்துச் சாறு போன ஆவாரம்பட்டையை வெளியே கொட்டுவார்கள். ஷிப்டு முடிந்ததும் அதைக் கூடையில் சுமந்துவந்து சேற்றின்மேல் பரப்பினான். 1964இல் கால் புதையாத தரை கிடைத்தது. தகர டின்களைக் கவிழ்த்து மூன்று வரிசை இருக்கையும் போட்டதும், சனங்கள் அதை ஸ்டேடியம் என்றே அழைத்தார்கள்.

லீக் ஆட்டம் நடத்த அங்கே அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் தாராவிப் பிள்ளைகள் ஆடுவதைத் தாராவி பார்க்க முடியாது. லீக் செயலாளர் மாதுங்காவிலிருந்து வந்து ஒரு ஆட்டம் பார்த்தார். தூறலில் நனைந்த பட்டைமேல் விழுந்து எழுந்தவர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்புக் கறை.

"துவைச்சா போகுமா?"

"போகாது சார்."

"அப்புறம் எந்த டீம்ப்பா இங்க வரும்? அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்கோ."

அவன் அக்காள் சாயிராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏல, தோலையே நிறம் மாத்துற பட்டை துணிய விட்டுவைக்குமா? இதுகூடத் தெரியாமயா தொட்டியில கெடக்கே?"

தெரியாமல் இல்லை. கையே அந்த நிறமாகிப்போனவனுக்கு அது கறையாகத் தோன்றவில்லை.

மணலைக் கொட்டி மூடச் சொன்னார்கள் சிலர். "மணலக் கொட்டுனா ஒரு மழையில சேத்தோட போயிரும். ஒரு கூடை பட்டைகூட எடுக்க மாட்டேன்," என்றவன் அக்காளிடம் திரும்பினான். "லாத்தா, தெருவுல பழைய வெள்ளைச் சட்டை இருந்தா வாங்கிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் முன் இரண்டு குவியல் வைத்தான். பட்டைச் சாற்றில் முக்கியெடுத்த பழுப்புச் சட்டைகள் ஒன்று. அதே சாற்றில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவைத்த கறுப்புச் சட்டைகள் இன்னொன்று.

"பழுப்பு எங்களுக்கு, கறுப்பு வர்ற டீமுக்கு. இனி எவன் சட்டையில கறை தெரியும் சார்?"

செயலாளர் ஒரு சட்டையை முகர்ந்து மூக்கைச் சுளித்தார். "நாத்தம்?"

"அதுக்கு ஒண்ணும் செய்யுறதா இல்ல. இந்த நாத்தத்துலதான் நாங்க சோறு திங்கோம்."

அவர் கறுப்புச் சட்டையை விரித்துப் பார்த்தார். பிறகு முதல் ஆட்டத்துக்குத் தேதி சொன்னார்.

அந்த ஆட்டத்தில் தாராவி இரண்டு கோலில் தோற்றது. ஆனாலும் தகர டின்களைத் தட்டிக் கூச்சலிட்டவர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை. தோற்றதற்கு இவ்வளவு கும்மாளமா என்று சாயிரா கேட்டாள்.

"இங்கன வச்சுத்தானே தோத்தோம்," என்றான் கலீலுல்லா. "அவனுவள மறுபடி வரச் சொல்லு."