சுங்குடிச் சேலையும் ஒயர்லெஸ் பெட்டியும்

ஒயர்லெஸ் வேலையில் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நாம்தான் என்பது மட்டும் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பியே கழுத்துப் பிடித்துக்கொண்ட சகாக்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சின்னாளபட்டியில் நான் பட்ட பாடு.

போர்டு இல்லாத கடை

சேலை வியாபாரி முத்தையா அண்ணன் கடையில் இன்டர்நெட் இருந்தது. அவருடைய சாயப்பட்டறை தெருவுக்கு எதிர்ப்பக்கம். அதன் மொட்டைமாடி அறையிலிருந்து மறுநாள் நாலு மணிக்கு மலேசிய வியாபாரி ஒருவருக்கு வெப்கேமராவில் சேலை காட்ட வேண்டும். பிடித்தால் தீபாவளி ஆர்டர் முழுக்க அண்ணனுக்கு. படம் தெரியாவிட்டால் வேறு ஊருக்கு. தேர் போகும் தெரு, குறுக்கே ஒயர் கட்ட விடமாட்டார்கள்.

இன்டர்நெட் பட்டறை வரை எட்டுவதற்காகக் கடை மாடி ஜன்னலில் ஒயர்லெஸ் பெட்டியை வைத்தேன். முதல்முறையாக அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்த குஷியில், பாதுகாப்புக்கென்று நெட்வொர்க் பெயரையே வெளியே தெரியாமல் மறைத்தேன். எதிர் மாடியில் சிக்னல் ஐந்து கோடும் நின்றது. அண்ணனுக்குத்தான் திருப்தி இல்லை.

“போர்டு மாட்டாத கடைக்கு எவன்யா வருவான்? பேரைப் போடு தம்பி.”

ஆர்டிஎஸ் மகிமை

மறுநாள் காலை ஒரு கோடுகூட இல்லை. சேனலை ஒன்று, ஆறு, பதினொன்று என்று மாற்றினேன். பவரை முழுக்க ஏற்றினேன். கடைசியில் ஆர்டிஎஸ் என்று, எனக்கே அர்த்தம் தெரியாத ஓர் எண்ணைக் குறைத்தேன். உச்சிவெயில் நேரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன! தலைகால் புரியாமல் கீழே ஓடி, அண்ணனிடம் ஆர்டிஎஸ் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன்.

“அப்ப அந்த எழவ நேத்தே குறைச்சிருக்க வேண்டியதுதான?”

கம்பு பிடித்த கதை

மூன்றரைக்குக் கோடுகள் மறுபடி விழுந்தன. நான் எதையும் தொடவில்லை. மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தால், அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா, சாயத்தொட்டியிலிருந்து வந்த சேலைகளைப் பட்டறை மாடிக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். ஒரு சேலை விரிந்தது, ஒரு கோடு போனது. இன்னொன்று விரிந்தது, இன்னொன்று போனது. காலையில் மறைத்ததும் ஈரச் சேலைதான். மதியம் சிக்னல் வந்தது சேலை காய்ந்ததால். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்குக் குதிக்கத் தோன்றியது. சேலையை எடுக்கச் சொன்னேன்.

“ஈரத்தோட சுருட்டுனா ஒண்ணோட சாயம் ஒண்ணுல ஏறிரும். அம்புட்டும் வீணாப் போகும்” என்றார் அக்கா.

கொடிக்கு முட்டுக்கொடுக்கும் மூங்கில் கம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடை மொட்டைமாடிக்கு ஓடினேன். ஜன்னலில் இருந்த பெட்டியை ஒயரோடு மேலே இழுத்து, கம்பு நுனியில் கட்டி, சேலைகளைத் தாண்டும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். நாலு மணிக்குப் படம் வந்தது. வெயிலில் கம்பு ஆடிக்கொண்டே இருந்தது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை. எதிர் மாடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

“ஆட்டாம நில்லுங்க தம்பி. ஊதாவுக்கு ஆர்டர் போட்டுட்டாரு, இப்பத்தான் மஞ்சளுக்கு வந்திருக்காரு.”

அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் எத்தனையோ கட்டங்கள் இருந்தும், மூங்கில் கம்புக்கென்று ஒன்று வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.