இரண்டு குச்சிகள்

"…அதனால பேயெல்லாம் வரையல டீச்சர், ரெண்டு குச்சி மட்டுந்தான்," என்றாள், புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து என் ஐந்தாம் வகுப்புக்கு வரும் சிறுமி.

'பயம்' என்ற சொல்லை எழுதாமல், ஒரே ஒரு படத்தால் பயத்தைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். குறியீடு என்பதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. சனங்கள் வாயைத் திறந்தாலே வந்து விழுவதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டதுதான். மற்றப் பிள்ளைகள் பாம்பும், பல்லைக் காட்டும் நாயும் வரைந்திருந்தார்கள்.

"குச்சியப் பாத்தா யாருக்குடி பயம் வரும்?" என்று கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தி சீண்டினாள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

குச்சி வரைந்தவள் சிரிக்கவில்லை. "எங்க லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு டீச்சர். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு, மண்ணு சரியுதான்னு பாக்க அப்பா நட்டு வச்சாரு. அன்னைக்கு நடுவுல என் கையால ஒரு சாண் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில ரெண்டு சாண்."



"வீட்டுல இப்ப யாரும்மா இருக்காங்க?"

"அம்மாவும் பாப்பாவும்."

அப்போதுதான் தகரக் கூரையில் மழை சடசடவென்று விழத் தொடங்கியது. பள்ளி அதிபரிடம் சொல்லி ஆள் அனுப்பலாமென்று நான் பதறி எழுந்தேன். அவள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அழிறப்பரை எடுத்து ஒரு குச்சியை அழித்துவிட்டு, அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வரைந்தாள்.