அம்மனுக்கு எது வலது பக்கம்?

"உன் கை ஆகாத கை" என்று ஒரு வீட்டு வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்கள். அதற்கப்புறம் இருபத்து மூன்று நாள் நான் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் ஏரிக்கரை அம்மன் மாரம்மா என்னை எப்படிக் காப்பாற்றினாள் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். செவ்வாய்க்கிழமை பூசைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி ஓயாததால், என் பேத்தி எழுதித் தருகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. என் வேகத்துக்கு அவளால் எழுத முடியவில்லை. முறைக்கிறாள். மெதுவாகச் சொல்கிறேன்.

என் பேர் அஞ்சலை. சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். வீட்டுக்காரர் தவறிப் போனபின் மகளோடு ஓசூருக்கு வந்துவிட்டேன். மத்திகிரியில் லைன் வீடு. பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் கூட்டுகிற வேலை. இரும்புத் தகட்டை வெட்டுகிற மிஷின் அங்கே வரிசையாக நிற்கும். வெட்டி விழுகிற துண்டுகளைக் கூட்டி வாரிப் போட வேண்டும். ஒவ்வொரு துண்டும் பிளேடு மாதிரி. கையுறை கொடுத்தால் இரண்டே நாளில் கிழிந்துவிடும். மிஷின் அடிக்கிற அடி வீட்டுக்கு வந்து படுத்தாலும் நெஞ்சுக்குள் கேட்கும். பக்கத்தில் மாட்டுப் பண்ணை இருக்கிறது, கன்றுக்குட்டி கத்தும். பல வருஷம் அந்தச் சத்தமே என் காதில் விழவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2005-இல் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. லீவு போட்டுவிட்டு நான்தான் குளிப்பாட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி ஒரு தூக்கம் போட வைத்தால் அதற்கு ஈடு உண்டா? என் உள்ளங்கை காய்த்துப்போய்க் கிடந்தது, பிள்ளைக்குக் குத்துமோ என்று பயந்தேன். குத்தவில்லை, சிரித்தது. அதைப் பார்த்து லைன் வீட்டில் மூன்று பேர் கேட்டார்கள். எல்லாரும் வெளியூரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அம்மா எங்கோ, மாமியார் எங்கோ. பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளில்லை.

ஆனால் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது வெயில் ஏறுகிற நேரத்தில். எனக்கு ஆறு மணி ஷிப்ட். இரண்டும் சேராது. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அந்த வயதில் வேலையை விடுவதா? சூப்பர்வைசர், போனால் போனதுதான், கேட்டில் ஆள் நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தளி ரோட்டில் ஏரிக்கரையில் மாரம்மா கோயில் இருக்கிறதே, அங்கே போனேன். நம் ஊர்ப் பக்கம் அம்மனிடம் உத்தரவு கேட்பதென்றால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்போம். இங்கே வேறு. பூசாரி அம்மன் கல்லில் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டி வைப்பார். நாம் மனசில் கேட்டுக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். பூசாரி அவ்வளவுதான் சொன்னார்.

வேலையை விட்டுவிட்டு இந்தக் கையால் குழந்தைகளைத் தொட்டால் நல்லது நடக்குமா என்று கேட்டேன். கால் கடுக்க நின்றேன். கடைசியில் ஒரு பூ அசைந்தது. நான் சோறு தின்கிற கைப் பக்கம் விழுந்தது. பூசாரி வேறு ஆளுக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நேராகக் கம்பெனிக்குப் போய் என் நீலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அது 2006 ஆடி மாசம்.

பதினோரு நாள் கழித்துப் பொங்கல் வைக்கப் போனேன். பூசாரி சம்சாரம் கௌரம்மா அங்கே பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கன்னடக்காரி, என் வயதுதான். நடந்ததையெல்லாம் சந்தோஷமாகச் சொன்னேன். பூ எங்கே விழுந்தது என்று கேட்டாள். காட்டினேன். அவள் கை நின்றுவிட்டது.

"நம்ம வலதுன்னு யாரு சொன்னா தாயி? அம்மா அங்கிருந்து இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கறா. அவ வலதுதான் கணக்கு. நீ காட்டறது அவளுக்கு இடது."

மறுபடி கேட்கலாமா என்றேன். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் என்றாள்.

அன்றைக்கே கம்பெனிக்கு ஓடினேன். என் கோட்டைப் போட்டுக்கொண்டு வேறொரு பொம்பளை கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டில் பாக்கெட் பக்கம் நான் போட்ட தையல்கூடத் தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் பயம். பால் திரிந்தால் பயம். சீயக்காய் டப்பா கை தவறி விழுந்தால் பயம். பிள்ளையைக் கால்மேல் போடும்போதெல்லாம், வேண்டாம் என்று அம்மன் சொன்ன கை இது என்று தோன்றும். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது. எந்த வீட்டுக்கு வரப்போகிறது என்பதுதான் தெரியவில்லை. வாய்விட்டு ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

புரட்டாசியில் நாலாவது வீட்டு சுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுதாவுக்கு அம்மா இல்லை, என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். வலி எடுத்தபோது நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து அதன் மாமியார் வந்தது. நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நின்றதும் அந்தம்மா என் வெறும் கழுத்தைப் பார்த்தது.

"இன்னா சுதா, தாலியில்லாதவ கையிலயா மொதக் கொயந்தயக் குடுப்ப?"

சுதா பிள்ளையை என் கால்மேல் கிடத்திவிட்டது. மாமியாருக்கு முட்டி வலி, கீழே காலை நீட்டி உட்கார முடியாது. அதனால் விட்டுவிட்டது. ஆனால் தினமும் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்க்கும். நான் மூக்கில் ஊத மாட்டேன், காதில் எண்ணெய் விட மாட்டேன், நர்சம்மா ஒரு தடவை திட்டியதிலிருந்து விட்டுவிட்டேன். அதற்கும் சேர்த்து அந்தம்மாவிடம் ஏச்சு வாங்குவேன்.

பத்தொன்பதாம் நாள் குழந்தை அழவில்லை. தண்ணீர் பட்டால் வீட்டையே தூக்குகிற பிள்ளை, அன்றைக்குச் சும்மா கிடந்தது. பாட்டிக்குப் பெருமை. சமத்தாகிவிட்டாள் என்றது. உச்சியில் எண்ணெய் வைக்க உள்ளங்கையை வைத்தேன். வழக்கமாக அந்த இடம் மெத்தென்று அமுங்கும். அன்றைக்கு உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி மேடாக, விறைப்பாக இருந்தது. அழுகிற பிள்ளைக்கு அப்படி ஆகும், பார்த்திருக்கிறேன். இது அழவேயில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. பேசாமல் துடைத்துப் பவுடர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். சாயங்காலம் அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான் வாயைத் திறந்தால் என் கையால் வந்தது என்பார்கள். அவர்கள் என்ன, நானே அப்படித்தான் நினைத்தேன். வரப்போகிறது என்று பயந்தது வந்து என் கால்மேலேயே படுத்திருந்தது.

கண்ணை மூடினேன். அம்மா, நீ வேண்டாமென்றதை நான் செய்துவிட்டேன், அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய், இந்தப் பிள்ளையை விட்டுவிடு என்றேன். அவ்வளவுதான் வேண்டிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது வாய் தானாகப் பேசியது.

"சுதா, புள்ளைக்கு முடியல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். தல தொவட்ட வேணாம், அப்படியே சுத்திக்குடுக்கறேன்."

மாமியார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டது. வாயைக் கழுவு என்றது. நல்ல பிள்ளையை நோயாளி ஆக்குகிறாள் என்றது. சுதா என் முகத்தைப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடியது. நான் பின்னால் ஓடி ஆட்டோவை மறித்தேன். ஓசூரில் டாக்டர் உச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. வண்டி வைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே பிள்ளையின் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் நோய்க் கிருமி என்றார்கள். தப்புமா என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்களாம்.

மறுநாள் துணிமணி எடுத்துப் போக மாமியார் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று, லைன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னது. ஆகாத கை.

மற்ற வீடுகளும் நின்றுபோயின. ஒருத்தி, பிள்ளைக்குச் சளி, இன்றைக்குக் குளிக்கவில்லை என்றாள். உள்ளே பிள்ளை தண்ணீரை அடித்துச் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மகள் சண்டைக்குப் போகிறேன் என்றது, வேண்டாம் என்றேன். தினமும் கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தைக் கூட்டினேன். கூட்டத்தானே எனக்குத் தெரியும். கௌரம்மா ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன கேக்கற தாயி, தினமும்?"

"ஒண்ணும் கேக்கல. கேட்டா பதில் வந்துருமோன்னு பயமா இருக்கு."

அவள் இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து கூடவே கூட்டினாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. நான் வெளியே போகவில்லை. அழுகைச் சத்தம் வருமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. குழந்தையின் அழுகை. தொண்டை கிழிகிற மாதிரி, வீட்டைத் தூக்குகிற மாதிரி. அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமியார் என் வாசலுக்கு வந்தது. முட்டி வலியோடு நாலு வீடு நடந்து வந்திருந்தது. கையில் எண்ணெய்க் கிண்ணம். என் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துப் பேசியது.

"கண்டுபுடிச்சது யாருன்னு டாக்டரு கேட்டாரு. ஒரு நாளு தள்ளியிருந்தா புள்ள நமக்கில்லன்னாரு. எங்க வூட்டு ஆளுதான்னு சொல்லிட்டேன்." கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "எண்ணெ ஆறிடும், வா" என்றது.

போனேன். காலை நீட்டினேன். பிள்ளையைக் கிடத்தினார்கள். இளைத்துப்போய் முகமெல்லாம் கண்ணாக இருந்தது. எப்போதும் வலது கையில்தான் எண்ணெய் ஆரம்பிப்பேன். "எங்க, வலது கையக் குடு" என்று சொல்லிக்கொண்டே அதன் வலது கையைப் பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். நான் பிடித்திருந்தது எனக்கு இடது பக்கம். பிள்ளை என்னைப் பார்த்துப் படுத்திருக்கிறது, அதனால் அதன் வலது எனக்கு இடது. எத்தனை பிள்ளைகளிடம் வலது கை கேட்டிருப்பேன், ஒரு தடவையாவது என் வலதைக் கணக்கு வைத்திருப்பேனா? பிள்ளையின் வலதைத்தானே பிடித்தேன்.

எதிரே நின்று கேட்ட என்னை மாரம்மா மட்டும் வேறு எப்படிப் பார்த்திருப்பாள்? பூ விழுந்தது என் வலது பக்கம்தானே.

எண்ணெய்க் கையோடு அழுதேன். என்ன ஆச்சு என்று மாமியார் பதறியது. கண்ணில் சீயக்காய் என்றேன். சீயக்காய் இன்னும் கரைக்கவேயில்லை.

கௌரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்படியானால் எங்கள் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் எல்லாருக்கும் தப்பாகச் சொன்னாரா என்று முறைத்தாள். அப்புறம் சிரித்தாள். அடுத்த மாசம் அவள் பேரனைக் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிட்டாள். சுதா பெண்ணைத் தொட்டிலில் போட்ட அன்று நான் வழக்கம்போல வாசலில் ஒதுங்கி நின்றேன். மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், முதலில் போடுவது நீதான் என்றது. அன்றைக்கு முந்தானையில் முடிந்து வந்து எடுத்து வைத்திருந்த காய்ந்த பூவைத் தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டேன்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது காலையில் ஆறு வீடு. என் உள்ளங்கை காய்ப்பெல்லாம் உதிர்ந்து மெத்தென்று ஆகிவிட்டது, வேண்டுமானால் வந்து தொட்டுப் பாருங்கள். கன்றுக்குட்டி கத்துவதும் தினமும் கேட்கிறது. பெற்றவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளை திடீரென்று சமத்தாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

உங்களில் யாருக்காவது வயதாகிவிட்டது, இனிமேல் எங்கே மாறுவது என்று மனசு அடித்துக்கொண்டால், ஏரிக்கரைக்கு வந்து அவள் எதிரே நின்று கேளுங்கள். பூ விழுந்தபின் எது வலது, எது இடது என்று என்னை மாதிரி நடுங்க வேண்டாம். அவள் உங்களைப் பார்த்துத்தான் நிற்கிறாள்.