பெரிய சாமான் நாலு

தன்னாமுனையில் புஸ்பத்தின் குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியாக நின்றது. மண்சுவர், கிடுகுக் கூரை, மூன்று கல் அடுப்பு. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், குந்தியிருந்துதான் சமைக்க வேண்டும். பானை சட்டியெல்லாம் நிலத்தில் கவிழ்ந்து கிடக்கும். ஒன்றை எடுப்பதென்றால் இன்னும் நாலை நகர்த்த வேண்டும். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவளுக்கு இது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. தெரிந்தது குவைத்துக்குப் போய் வந்த பிறகுதான்.

அங்கே ஐந்து வருசம் ஒரு வீட்டில் சமைத்தாள். நின்றபடி சமைக்கிற மேடை, அதற்குக் கீழேயும் மேலேயும் அலுமாரிகள். கதவுகளைச் சாத்திவிட்டால் அந்த வீட்டில் சமைக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். ஒரு கரண்டிகூட வெளியே தெரியாது. அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு மெத்தையும் ஒரு பெட்டியும்தான். ஆனாலும் வேலை முடிந்து கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தும்போது மனம் ஆறிப்போகும். பொருள்கள் தங்கள் தங்கள் இடத்தில் இருப்பது ஒரு மனுசிக்கு இவ்வளவு நிம்மதியைத் தருமா என்று அவளே யோசித்திருக்கிறாள்.

தொண்ணூற்றேழில் ஊருக்கு வந்தவள் முதலில் தொடங்கியது குசினி வேலையைத்தான். இரண்டு வேலிக்கு அப்பால் இருந்த அன்னப்பூரணி வந்து பார்த்துவிட்டு நாடியில் கை வைத்தாள்.

"குசினிக்கு அலுமாரியாம். நாளைக்கு ஓட வேண்டி வந்தா அலுமாரியத் தலையில வெச்சிக்கிட்டு ஓடுவியாகா?"

"நீ ஒரு பக்கம் பிடிக்க மாட்டியா?" என்று புஸ்பம் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, அந்தக் கேள்வி உள்ளே போய்த் தைத்தது. தொண்ணூறில் ஊரே ஓடியபோது அவள் கையில் ஒரு பானையும் இரண்டு சேலையும்தான் இருந்தன. கிழமைக்கு ஒரு ஆமிச் சுற்றிவளைப்பு நடக்கிற ஊரில் சுவருக்குப் பூச்சும் அலுமாரிக்கு அளவும் பார்ப்பது பிழையோ? எத்தனையோ பேர் பிள்ளையைக் காணோம் என்று முகாம் முகாமாக அலைகிறார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இல்லாதபடியால்தான் இப்படி ஆசைப்பட முடிகிறதோ? ஆனால் ஓடும் நாள் வரும்வரைக்கும் குந்தியிருந்தே சமைக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு பக்கமும் அவளே பேசினாள். ஒரு பக்கமும் தோற்கவில்லை.

மேசன் இளையதம்பி கல் அடுக்கிச் சுவர் வைத்தார். இடுப்பளவு உயரத்தில் சீமெந்து மேடை எழும்பியது. மேடையின் கீழே அலுமாரிக்காக மூன்று குழிவான அறைகள். இனித் தச்சு வேலைதான் மிச்சம். கல்லடியில் இருந்த தச்சர் இராசதுரை, எதை எங்கே வைக்கப் போகிறீர்கள், அளவு என்ன, எல்லாம் எழுதி அனுப்புங்கள் என்று மேசனிடம் சொல்லிவிட்டிருந்தார்.

புஸ்பம் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்து, அடிமட்டம் வைத்துக் கட்டம் கட்டமாகக் கீறி, ஓரத்தில் அளவு போட்டாள். கட்டங்களுக்குள்ளே உருண்டை எழுத்தில் எழுதினாள்:

கீழ்த்தட்டு: பெரிய சாமான் 4.
நடுத்தட்டு: சின்னச் சாமான் 12.
வலப்பக்கம்: அவசரத்துக்குக் கைக்கு எட்டுற சாமான்.
கதவு சாத்தினால் ஆள் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியக்கூடாது.

குசினி என்று மேலே ஒரு சொல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது குசினி என்று அவளுக்குத் தெரியும், இராசதுரைக்கும் தெரியும். தெரிந்ததை யார் எழுதுகிறார்கள்?

அவள் புருசன் சாமித்தம்பி வாவியில் மீன்பிடிக்கிறவர். அதிகம் பேசாத மனிதர். காலையில் ஒற்றையை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

"இஞ்ச பாருங்க, நசுக்கிப்போடாதீங்க. கோடு அழிஞ்சிரும்."

"குவைத்து ராசாவுக்கா கொண்டு போறன்? இராசதுரைக்குத்தானே புள்ள" என்று சைக்கிளை எடுத்தார்.

பத்து மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பதினொன்று ஆயிற்று. இராசதுரை பேச்சுக்காரர், பிடித்து வைத்திருப்பார் என்று நினைத்தாள். பன்னிரண்டுக்கு மீன் குழம்பை இறக்கி மூடினாள். மூடியதைத் திறந்து உப்புப் பார்த்தாள். முன்பே பார்த்தது நினைவுக்கு வந்தது. றோட்டில் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கால் தானாகப் படலைக்குப் போனது.

கடைசியில் படலையில் வந்து நின்ற சைக்கிள் ஹமீடுடையது. ஏறாவூர்க்காரர், சைக்கிளில் புடவைக் கட்டு வைத்து ஊரூராக விற்கிறவர். அவர் புடவைக் கட்டை அவிழ்க்கவில்லை. அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"புள்ள, பதறாத. ஒங்கட மாப்பிள்ள சாமித்தம்பி கல்லடிப் பாலத்துக்கு இஞ்சால ஆமிச் சென்றில இரிக்காரு. வரக்குள்ள நான் கண்ட."

"இரிக்காரெண்டா என்ன காக்கா? நிக்காரா?"

ஹமீட் றோட்டைத் திரும்பிப் பார்த்தார். "குந்த வெச்சிரிக்காங்க. கை ரெண்டும் பிடரியில."

"அடிச்சவங்களா?"

"நான் கண்ட நேரம் அடிக்கல்ல. ஐடென்டிகாட்ட எடுத்துக்கிட்டு போ. பிந்தாத. பின்னேரமாகினா வேற இடத்துக்கு ஏத்திருவாங்க."

வேறு இடம் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.

பஸ்ஸில் போகும்போது அவள் ஒவ்வொரு காரணமாக எண்ணிப் பார்த்தாள். அடையாள அட்டை பழசு. சைக்கிளுக்கு லைசன்ஸ் இல்லையோ? இவர்தான் என்று யாராவது கையைக் காட்டிவிட்டார்களோ? ஒற்றை அவள் நினைவில் வரவே இல்லை.

சென்றியில் மணல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாமித்தம்பி குந்தியிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாதாரண உடுப்புப் போட்ட ஒருவன், ஆமிக்காரர்களோடு நின்றவன், தமிழில் கூப்பிட்டான். அவன் கையில் அவளுடைய ஒற்றை விரிந்திருந்தது.

"இது ஆர் எழுதினது?"

அதைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. அட, இதுதானா?

"நான்தான் தம்பி எழுதினன்."

"சாமான் எங்க இரிக்கி?"

"வீட்டதான்."

"எத்தின?"

"பெரிசு நாலு. சின்னது பன்னிரண்டு."

அவன் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். கதிரையில் இருந்த ஒஃபிசர் எழுந்தார். சாய்ந்து நின்ற இரண்டு பேர் தோளிலிருந்த துவக்கை இறக்கி நேராகப் பிடித்தார்கள். அப்போதுதான் சாமித்தம்பி முதல்முறையாக வாய் திறந்தார். "புள்ள" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் இடிந்து விழுந்தது.

பானை சட்டியும் சாமான்தான், கடையில் வாங்குவதும் சாமான்தான். ஆனால் அந்த வருசங்களில் துவக்கைத் துவக்கு என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அதையும் சாமான் என்றுதான் சொல்வார்கள். புஸ்பம் அதைக் கேள்விப்படாதவள் அல்ல. தன் பானைகளைப் பற்றி எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"பானை சட்டி தம்பி. நான் சொன்னது பானை சட்டிய."

"இப்பதான் பானை சட்டியாகிச்சா? ஆள் வந்து பார்த்தாலும் தெரியக்கூடாதெண்டு ஆரும் பானைய ஒளிப்பாங்களா?"

அவளிடம் பதில் இருந்தது. குவைத்தில் அப்படித்தான் ஒளிப்பார்கள். அதை எப்படிச் சொல்வது?

அவளை ட்ரக்கில் ஏற்றினார்கள். சாமித்தம்பி அங்கேயே இருந்தார். ட்ரக் தன்னாமுனைக்குள் திரும்பியதும் றோட்டில் நின்றவர்கள் வீடுகளுக்குள் போனார்கள். ஒரு முகம்கூட வெளியே இல்லை. தன் வளவுக்குள் இத்தனை சப்பாத்துக்கள் இறங்குவதைப் புஸ்பம் தலை குனிந்தபடி பார்த்தாள்.

நேரே குசினிக்குத்தான் போனார்கள். ஒருவன் துவக்குப் பிடியால் புது மேடையில் தட்டினான். கீழே குழிவு என்பதால் அது வெறுமையாக ஒலித்தது. ஒஃபிசர் குனிந்து, இருண்ட மூன்று அறைகளுக்குள்ளும் டோர்ச் அடித்தார். புதுச் சீமெந்து, கதவில்லாத அறைகள், கையில் ஒரு வரைபடம். அவருடைய கண்ணால் பார்த்தபோது அவளுக்கே அது குசினியாகத் தெரியவில்லை.

குவைத்தில் பக்கத்து வீட்டில் வேலை செய்த சோமாவதியிடம் அவள் கொஞ்சம் சிங்களம் பொறுக்கியிருந்தாள். எல்லாம் அடுப்படிச் சொற்கள். பயத்தில் அவையும் ஓடி ஒளிந்திருந்தன. இரண்டு மூன்று மட்டும் கையில் அகப்பட்டன.

"மே குஸ்ஸிய, மாத்தயா. வளங் தானவா."

இது குசினி, ஐயா, பானை வைக்கிறது என்று அர்த்தம். குசினியும் குஸ்ஸியவும் ஒன்றுக்கொன்று இவ்வளவு கிட்ட இருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். ஒஃபிசர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒற்றையை அவளிடம் நீட்டி ஏதோ சொன்னார். தமிழ் பேசுகிறவன் அதைச் சொன்னான்:

"பானை எண்டா, இதில எழுதின மாதிரியே அடுக்கிக் காட்டட்டாம்."

அவள் அடுக்கினாள், தட்டு இன்னும் இல்லாதபடியால் அறைகளின் தரையிலேயே. ஐந்து வருசமாகக் கனவில் எத்தனையோ தடவை அடுக்கியதுதான். கனவில் இத்தனை பேர் நின்று பார்த்ததில்லை. சட்டி, தாச்சி, இடியப்பத் தட்டு, மீன் சட்டி. ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது ஒரு ஆமிக்காரன் விரல் மடித்து "எக்கய், தெக்கய்" என்று எண்ணினான். ஒரு மூடி கைதவறி விழுந்து உருண்டபோது எல்லாரும் திடுக்கிட்டார்கள், துவக்குக்காரர்களும்தான். சின்னது பன்னிரண்டும் சரியாக வந்தன. பிறகு பெரியவை. சருவம், ஒன்று. செம்புக் குடம், இரண்டு. சோற்றுப் பானை, மூன்று.

நாலாவது இல்லை.

ஒஃபிசர் நாலு விரலைக் காட்டினார். புஸ்பம் வெற்று மூலையைப் பார்த்தாள். நெல் அவிக்கிற கிடாரம் அங்கேதான் கிடக்கும். போன கிழமை அன்னப்பூரணி தன் மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சோறு ஆக்க அதைக் கொண்டு போயிருந்தாள்.

"இரவலாக் குடுத்தன் தம்பி. அந்த வீட்ட."

எல்லாரும் அன்னப்பூரணி வளவுக்குப் போனார்கள். அவள் முற்றத்தில் விளக்குமாறோடு நின்றவள், நின்றபடியே இறுகிப்போனாள். புஸ்பம் வாய் திறக்க முன் தமிழ் பேசுகிறவன் முந்திக்கொண்டான்.

"இவட வீட்ட இருந்து வாங்கின சாமான் எங்க?"

அன்னப்பூரணியின் விழி அவனிடமிருந்து துவக்குகளுக்குப் போனது, துவக்குகளிலிருந்து புஸ்பத்துக்கு வந்தது.

"எங்களிட்ட ஒரு சாமானும் இல்ல தம்பி. நாங்க இவவிட்ட ஒண்டும் வாங்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. பிள்ளையாராண."

ஒஃபிசர் புஸ்பத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். அவள் கண்முன்னால் மணல்மூட்டையும் பிடரியில் கோத்த இரண்டு கைகளும் வந்தன. அன்னம் பொய் சொல்கிறாள் என்று சொன்னால் அன்னத்தைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் சாமித்தம்பி திரும்பி வரமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் இருந்தது. அந்தச் சொல்லையே விட்டுவிடுவது.

"அன்னம், கிடாரம்" என்றாள். "உன்ட மகள்ற சடங்குக்குச் சோறாக்கக் கொண்டு போன கிடாரம். ரெண்டு பக்கமும் காது வெச்சது."

அன்னப்பூரணி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பிறகு அவளுக்குள் அடைத்திருந்ததெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"கிடாரமா? அதக் கிடாரம் எண்டு கேக்கக்கூடாதாகா? துவக்கோட வந்து நிண்டு சாமான் சாமான் எண்டா, ஆர் ஓம் எண்டுற?"

உள்ளே போய் இழுத்துக்கொண்டு வந்தாள். "கழுவல்ல. இண்டைக்குத்தான் கழுவ இருந்தன்" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். அடியில் காய்ந்த சோறு ஒட்டியிருந்தது. ஒஃபிசர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அது மேடையின் கீழே போகவில்லை. காது இரண்டும் சுவரில் தட்டி நின்றன. மேசன் இரண்டு விரல் குறைத்துவிட்டார், அல்லது அவள்தான் காதை விட்டுவிட்டு அளந்திருக்கிறாள். முழங்காலில் நின்று தள்ளினாள். திருப்பினாள். சரித்துப் பிடித்து ஒரு காதை முதலில் நுழைத்தபோது, சீமெந்தைச் சுரண்டிக்கொண்டு கிடாரம் உள்ளே போய் உட்கார்ந்தது.

ஒஃபிசர் ஒற்றையையும் அறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒற்றையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது தமிழ் பேசுகிறவன் மட்டும் திரும்பி, "இனி இப்படி எழுதாத" என்றான். மிரட்டலா, புத்தியா என்று பிரிக்க முடியவில்லை.

சாமித்தம்பி வெயில் சாய்ந்த பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி ஓட முழங்கால் விடவில்லை. முகம் கழுவிவிட்டுக் குசினி வாசலில் இருந்தார். அவள் சோறு போட்டுக் கொடுத்தாள்.

"என்ன கேட்டவங்க?"

"சாமான் எங்க எண்டுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்லுற. பொஞ்சாதிக்குத்தான் தெரியும் எண்டன்."

அது உண்மைதான். அதில் பிழை ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தச் சோற்றை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை புஸ்பம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை இராசதுரை தானே பாலம் கடந்து வந்தார். ஒற்றை போன கதையைக் கேள்விப்பட்டிருந்தார். மட்டக்கோலை எடுத்து அளந்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவர், எழுதக் கடதாசி கேட்க வாயெடுத்து, புருசன் பெண்சாதி இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த பலகைத் துண்டில் எண்களை மட்டும் கீறினார்.

"அப்ப, கதவு எத்தின போடுவம் தங்கச்சி?"

"கதவு வேணாம்."

சாமித்தம்பி நிமிர்ந்தார். "ஏன் புள்ள? கதவுக்காகத்தானே இவ்வளவும்."

"வேணாம். தட்டு மட்டும் அடிங்க அண்ணன். வாறவன் வாசல்ல நிண்டே எண்ணிட்டுப் போகட்டும்."

இராசதுரை பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். புஸ்பம் குனிந்து கிடாரத்தின் காதைப் பிடித்து, அது வெளியிலிருந்து நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டாள்.