கொடிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது

வீட்டைப் பூட்டினால் நான் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறினால், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டே கண்டக்டரின் பொறுமையைத் தீர்த்துவிடுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, பரீட்சை பயம் ஒரு காரணம்தான். இப்படிப்பட்டவள் ஒரு கூட்டத்துக்கே முன்னால் கொடி பிடித்து நடந்தேன் என்றால், கோவில்பத்துக்குப் புதிதாய்க் குடிவந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் தெரு, மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். வேகமாய் நடக்கிறவர்கள் ஒரே மூச்சில் போய்விடுவார்கள். எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளும் வயசானவர்களும் உண்டு என்பதால் வழியில் தங்கித் தங்கித்தான் போவோம். முதல் நாள் நாகூர். கூட்டத்துக்குப் பெரியம்மாதான் தலைமை. அம்மாவின் அக்கா. அங்கன்வாடியில் பிள்ளைகளை மேய்க்கிறவள். கழுத்தில் செபமாலையும் விசிலும் சேர்ந்தே தொங்கும். வரிசை கலைந்தால் விசில், பின்தங்கினால் விசில், கரும்பு ஜூஸ் கடைப் பக்கம் கண் போனாலும் விசில்.

அந்த வருஷம்தான் நானும் என் சிநேகிதர்கள் பிரிட்டோவும் ஜெசியும் முதல் தடவையாக நடக்கிறோம். பின்னால் சாமான் ஏற்றி வரும் டாட்டா ஏஸ் வண்டியில் யார் முதலில் ஏறினாலும் அவர்களோடு கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசுவதில்லை என்று பேச்சு. அவர்கள் இரண்டு பேரும் பையை வண்டியில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியிருந்தேன். அதில் டார்ச், மழைக்கு பாலிதீன் தாள், ஊசி நூல், எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் மாத்திரைகள். வண்டி எங்காவது வழி தவறிவிட்டால்?

அம்மாவுக்கு அந்தக் கோடையில்தான் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. உள்ளே கொண்டுபோகும்போதே, பிழைத்து வந்தால் நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாளாம். அடுத்த வருஷம் போகலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அம்மா ஏஸில் ஏறினால் வேண்டுதல் முறிந்துவிடும், முறிந்தால் அந்தக் கட்டி திரும்பி வந்துவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. மாதா படம் போட்ட நீலக் கொடி முன்னால் போகும். வழியில் அது தரையைத் தொடக் கூடாது. கொடிக்கு முன்னால் யாரும் போகவும் கூடாது, எத்தனை பெரிய ஆளானாலும். ஓட்டப்பந்தயத்தில் எவர்சில்வர் டம்ளராய் வாங்கிக் குவித்த பிரிட்டோவுக்குத்தான் கொடி என்று தெருவே நினைத்திருந்தது. அவனும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றான். கோயில் வாசலில் பெரியம்மா மூங்கிலைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

“இவளா? இவ பூனை குறுக்க வந்தாலே அழுவாளே பெரியம்மா!” என்றான் பிரிட்டோ.

“நீ செபத்தச் சத்தமா சொல்லிட்டு வாடா, அது போதும்” என்றாள் பெரியம்மா.

அரசலாற்றுப் பாலம் வரை என் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. பாலம் ஏறியதும் பயம் பிடித்துக்கொண்டது. காற்று கொடியைப் பிடுங்கியது. அம்மா எங்கே? திரும்பிப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி திரும்பினேன். கூட்டத்தின் நடுவில் இருந்தவள் கடைசி ஆளாகியிருந்தாள். நான் நின்றேன். நான் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். கொடி முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று சொல்லி, நன்றாயிருந்த முடிச்சை அவிழ்த்துக் கட்டினேன்.

திருமலைராயன்பட்டினம் தாண்டுவதற்குள் அந்த முடிச்சு எத்தனை தரம் அவிழ்ந்ததோ, மாதாவுக்குத்தான் தெரியும். வெயில் ஏறிவிட்டது. வெறுங்காலில் தார் ரோடு சுட்டது.

“நடக்கிறியா, ஊர்றியா?” என்றான் பிரிட்டோ.

“நத்தைக்குக் கொடி குடுத்த மாதிரி இருக்கு” என்றாள் ஜெசி. என் கட்சியில் இருக்க வேண்டியவள்.

அம்மாவே வேர்க்க விறுவிறுக்க என்னை எட்டிப் பிடித்து, “ஏன்டி மானத்த வாங்குற? நின்னு நின்னு போனா என்னைக்குப் போய்ச் சேர்றது? எல்லாரும் உன்னாலதான் காஞ்சு போறாங்க” என்று தலையில் குட்டினாள். இன்னொரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் கொடியைக் கொடுக்கவில்லை.

வாஞ்சூர் வந்தது. அந்த மாநில எல்லையில் வரிசையாய் மதுக்கடைகள். அவற்றை வேகமாய்த் தாண்டிப் போவதுதான் எங்கள் கூட்டத்தின் வழக்கம். நான் சரியாக ஒரு கடை வாசலில் திரும்பிப் பார்த்தேன். அம்மா லைட்டுக் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். டாட்டா ஏஸ் அவள் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார்.

நான் அங்கேயே நின்று முடிச்சை அவிழ்த்தேன். மதுக்கடை வாசலில் மொத்தக் கூட்டமும் காவி உடுப்போடு நின்றது. பெரியம்மா ஒன்றும் நடக்காதது மாதிரி செபமாலையின் அடுத்த பத்து மணிச் செபத்தை ஆரம்பித்துவிட்டாள். பாட்டும் செபமும் கேட்டு உள்ளேயிருந்தவர்கள் ஒவ்வொருவராய் வெளியே வந்தார்கள். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார்கள். ஒருவர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே சிலுவை போட்டார். இன்னொருவர் தள்ளாடிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் போய் நின்று, “மாதா போறாங்க, லாரிய நிப்பாட்டுய்யா!” என்று வராத லாரியை மறித்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது” என்று கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நான் ஓடிப்போய், ஒரு கையில் கொடியும் இன்னொரு கையில் பையுமாய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். டிரைவர் தண்ணீர் நீட்டினார். குடித்தாள். ஏஸின் கதவைத் தானே சாத்தினாள். நடந்தாள்.

பொழுது சாய்வதற்குள் நாகூரில் நாங்கள் தங்கும் மண்டபத்துக்கு வந்துவிட்டோம். அம்மா நடந்தே வந்தாள். கொடி ஒரு இடத்திலும் தரையைத் தொடவில்லை. பெரியம்மா அதை வாங்கிச் சுவரில் சாத்தியபோது என் கை மூங்கில் பிடித்த மாதிரியே வளைந்திருந்தது. “நாளைக்கு எனக்கு” என்றான் பிரிட்டோ. “நாளைக்கும் அவதான்” என்றாள் பெரியம்மா. அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது. வெறும் எலுமிச்சம்பழச் சோறுதான்.

பயந்தாங்கொள்ளி என்ற பெயரை அழித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். என்னிடம் ஏதோ தைரியத்தைப் பார்த்துத்தான் பெரியம்மா கொடியைக் கொடுத்தாள் என்றும் நினைத்தேன். கோவில்பத்திலிருந்து நாகூர் வரை அந்த விசில் ஒரு தரம்கூட ஒலிக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மெதுவாய்ப் போகலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அம்மா ரோசத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு நடந்து எங்காவது விழுந்திருப்பாள். பிரிட்டோ கையில் கொடி இருந்தால் அவன் கழுத்தைத் திருப்பியிருக்கவே மாட்டான். அந்தக் கூட்டத்தில் திரும்பித் திரும்பிப் பார்க்கிற பிள்ளை நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்: “ஆபரேஷன் ஆன உடம்போட நடந்தேன், ஒரு இடத்துலயும் கூட்டம் என்னைய விட்டுட்டுப் போகல. இவதான் பாவம், வழியெல்லாம் நின்னு நின்னு வந்தா.”

நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.